ஒன்றரை வருடம் பொறுத்தால்

"எய்ட்ஸோட பிறந்த குழந்தைங்க எப்படியும் பிழைக்காதே மாமா, அதுங்களுக்குன்னு ஒரு இல்லம் எதுக்கு?" டீக்கடை பெஞ்சில் மருமகன் கேட்டான். கேள்வியிலேயே பிசகு. ஆனால் 1992இல் கென்யாவின் நைரோபியிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆஞ்செலோ டி'அகோஸ்டினோ அப்படி நினைக்கவில்லை. அமெரிக்கர்; அறுவை மருத்துவர், பிறகு மனநல மருத்துவர், கூடவே இயேசு சபைப் பாதிரியார். எச்.ஐ.வி. என்று கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக அவரும் அயர்லாந்துக் கன்னியாஸ்திரீ மேரி ஓவன்ஸும் அந்த வருடம் தொடங்கிய இல்லம் 'ந்யும்பானி'. சுவாஹிலியில் ந்யும்பா என்றால் வீடு. 'நி' நம் 'இல்' உருபு மாதிரி. ஆக, 'வீட்டில்'.

இனி பிசகு எங்கே என்று பார்ப்போம். அன்றைய வழக்கமான ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடவில்லை. அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடியது. நோயுள்ள தாயின் எதிர்ப்பொருள் கருவிலேயே பிள்ளைக்கும் போய்விடும். அதனால் கிருமியே தொற்றாத பிள்ளைக்கும் 'பாசிட்டிவ்' என்றே சீட்டு வரும். அது இரவல் சட்டை. 18 மாதத்துக்குள் கழன்றுவிடும். தாயிடமிருந்து தொற்றுவதைத் தடுக்கும் மருந்து இல்லாத நாளில்கூட இப்படிப் பிறந்தவர்களில் பாதிக்கு மேல் தொற்றில்லாதவர்கள்தான். பாலும் சோறும் கொடுத்து ஒன்றரை வருடம் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனதுதான் கொடுமை.

நிஜமாகவே தொற்றியவர்களுக்கு மருந்து வேண்டும். அன்று அதன் விலை ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல். 2001இல் நம் மும்பை மருந்துக் கம்பெனி சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்த பிறகு விலை மளமளவெனச் சரிந்தது. பள்ளிகள் இந்தப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தபோது ந்யும்பானி கோர்ட்டுக்கே போனது. 2004இல்தான் வழி பிறந்தது.

எனக்கு அதிகம் பிடித்தது கென்யாவின் கிட்டுயி மாவட்டத்தில் ந்யும்பானி அமைத்த கிராமம்தான். எய்ட்ஸ் வாரிக்கொண்டு போனது நடுத் தலைமுறையை. மிஞ்சியவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்த கிழவன் கிழவிகளும் பெற்றோரைப் பறிகொடுத்த குழந்தைகளும். வறண்ட அந்த மாவட்டத்தில் 1,000 ஏக்கரில் வீடுகள் கட்டி, வீட்டுக்கு ஒரு பாட்டியோ தாத்தாவோ, பத்துப் பிள்ளைகள் வரை என்று 2006இல் குடிவைக்கத் தொடங்கினார்கள். அதே வருடம் பாதிரியார் காலமானார்.

"பத்தும் அந்தப் பாட்டியோட சொந்தப் பேரப்பிள்ளைங்களா?"

"சிலது சொந்தம். மத்தது வந்து சேர்ந்தது. டீ ஆறுது, குடி."