ஹீலா செல் செத்தால்...

1953-ல் போலியோ ஆய்வகங்களில் செல் செத்தால் சந்தோஷம். வைரஸ் இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சோதனைக்குழாயில் வைரஸை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். கண்ணாடியில் ஒட்டிப் படர்ந்திருந்த செல்கள் சுருங்கி, உருண்டு, பிடி விட்டு மிதக்கும். மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது.

அந்தச் செல்கள் ஹீலா. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1951-ல், ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவரைக் கேட்காமலே எடுத்தவை. அதே ஆண்டு அக்டோபரில் அவர் இறந்துபோனார். செல்கள் பெருகிக்கொண்டே இருந்தன. சால்க்கின் போலியோ தடுப்பூசியைச் சோதிக்க அலபாமாவின் டஸ்கீகியில் ஹீலாவைத் தொழிற்சாலை போலவே வளர்த்து அனுப்பினார்கள். தடுப்பூசி போட்ட குழந்தையின் ரத்தச் சீரத்தில் வைரஸைக் கலந்து செல்மேல் விடுவது; செல் பிழைத்தால் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு, செத்தால் இல்லை.

எப்படிச் செத்தது என்று யாரும் கேட்கவில்லை. தன்னைத்தானே துண்டு துண்டாக மடித்துக்கொண்டு செல் சாகும் விதத்தை கெர், வைலி, கரீ மூவரும் விவரித்து 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்ததே 1972-ல்தான்.

அதைவிட வேடிக்கை 1980-களில் தெரியவரத் தொடங்கியது. ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹாசனின் குழுவினர் ஹீலாவுக்குள்ளேயே எச்.பி.வி. 18 என்ற வைரஸின் மரபணுக்கள் இருப்பதைக் கண்டார்கள். சேதமடைந்த செல்லைச் சாகச் சொல்லும் பி53 புரதத்தை, அந்த வைரஸின் ஈ6 புரதம் பிடித்து அழித்துவிடுகிறது. ஹீலாவின் பி53 மரபணுவில் பழுதே இல்லை. அது செய்யும் புரதம்தான் நிலைப்பதில்லை. ஆக, வைரஸ் கொல்கிறதா என்று பார்க்க எடுத்த செல்லே, சாவை மறுக்க இன்னொரு வைரஸிடம் கற்றிருந்தது!

இன்று சாவைக் கட்டம் கட்டமாக விசாரிக்கிறார்கள். சாகத் தொடங்கிய செல்லின் உள்பக்கக் கொழுப்பு ஒன்று வெளிப்பக்கம் திரும்பும். அதில் ஒட்டிக்கொள்ளும் அனெக்சின் புரதத்துக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, ஃப்ளோ சைட்டோமீட்டரில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணலாம். அதற்காகப் பழைய டிரிப்பன் புளூ ஓய்வுபெற்றுவிடவில்லை. செத்த செல் நீலமாகும், உயிருள்ளது ஆகாது. தினப்படி வேலைக்கு அது போதும்.

கேள்வி மாறியதும் பழைய போலியோவே புதிதாகத் தெரிந்தது. 1995-ல் மாஸ்கோ ஆய்வாளர்கள் ஹீலா வகைச் செல்களில் பார்த்தார்கள்: வைரஸ் பெருக முடியாமல் தடுத்தால் செல் அப்போப்டோசிஸில் சாகிறது, தடையின்றிப் பெருகும்போது அந்தச் சாவை வைரஸே தள்ளிப்போடுகிறது. குஞ்சுகள் வெளியேறும்வரை வீடு நிற்க வேண்டுமே.

பிறகு போலியோவையே மருந்தாகவும் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், சேபின் சொட்டு மருந்து வைரஸின் ஒரு துண்டை நீக்கி, ஜலதோஷம் தரும் ரைனோ வைரஸின் துண்டை அங்கே பொருத்தினார்கள். நரம்பு செல்லில் பெருக முடியாத அந்த வைரஸை, திரும்ப வந்த மூளைப்புற்றுக்குள் நேராகச் செலுத்தினார்கள். 2018-ல் வெளியான கணக்கில் 61 பேர்; மூன்று ஆண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள் 21 சதவீதம். முந்தைய நோயாளிகளின் பதிவுகளில் அது 4 சதவீதம். ஆனால் பழைய பதிவோடுதான் ஒப்பிட்டார்கள், குலுக்கிப் பிரித்த இரு குழுக்களை அல்ல. அதனால் நான் கொஞ்சம் அடக்கியே வாசிப்பேன். வைரஸ் தன் கையால் கொல்வது இங்கே சிறு பங்குதான் என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள். செத்த புற்றுச்செல்கள் நோயெதிர்ப்பு அணுக்களை அங்கே வரவழைக்க வேண்டும். மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ள வேண்டும்.