தகர ஷெட்டுக்குப் பிளான் எதற்கு?

புதுக்கோட்டை மாவட்டம் கீரனூரில் வீடு கட்டுகிறவர் இன்ஜினீயரைத் தேடிப் போவார். கொல்லையில் ஷெட் போடுகிறவர் நேரே வெல்டிங் பட்டறைக்குத்தான் போவார். நாலு இரும்பு பைப், மேலே கலர் ஷீட். வேலை சட்டென்று முடிந்துவிடும். வைக்கோல் கட்டு, உர மூட்டை, பழைய மோட்டார், பைக் எல்லாம் அதனடியில் ஒதுங்கிவிடும். இதற்குமா பேரூராட்சியில் மனு என்று கேட்டால், கேள்வி நியாயமாகத்தான் தோன்றும்.

ஆனால் சட்டத்தின் கணக்கில் அந்த ஷெட்டும் கட்டடமே. 2023 வரை நடைமுறையில் இருந்த 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே வீடு, லாயம், கழிப்பறை, ஷெட், குடிசை எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியிருந்தது. செங்கல்லா, மரமா, மண்ணா, உலோகமா என்ற பேதமே அதில் இருக்கவில்லை.

ஊராட்சிக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று எனச் சிதறிக் கிடந்த விதிகளை 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஒன்றாக்கின. ஷெட்டுக்காரரை இதில் மாட்டிவிடுவது செட்பேக். வீட்டுக்கும் எல்லைச் சுவருக்கும் நடுவே விட வேண்டிய காலியிடம் அது. வாட்ச்மேன் அறை, மீட்டர் அறை போன்ற சில சின்ன அமைப்புகளுக்கு மட்டும் அங்கே இடமுண்டு. நம் ஊரிலோ ஷெட் முளைப்பதே அந்தச் சந்தில்தான்! பக்கத்து வீட்டு மதிலையே ஒரு பக்கச் சுவராக்கிக்கொண்டு, ஷீட்டில் வழியும் மழைநீரை அவர் வாசலுக்கே அனுப்பிவைப்பவர்களும் உண்டு. புகார் கிளம்புவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

ஈழத்தமிழர் நிறைந்த டொரண்டோ இருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கணக்கு எளிது. தனியாக நிற்கும், ஒரே தளமுள்ள, குழாய் இணைப்பில்லாத சேமிப்பு ஷெட் 15 சதுர மீட்டர் வரை இருந்தால் கட்டட அனுமதியே வேண்டாம். 2022 வரை அந்த வரம்பு 10 சதுர மீட்டராக இருந்தது. அங்கும் எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியில் சலுகை கிடையாது. இப்படி ஒரு தெளிவான எண்ணை நம் விதியிலும் எழுதிவிட்டால் பாதி சச்சரவு குறையும்.

தமிழ்நாட்டில் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வசதி வந்திருக்கிறது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கொண்ட வீட்டுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கும். கொல்லையில் ஷெட் வரும் என்று முன்பே தெரிந்தால் அதையும் அந்த வரைபடத்தில் சேர்ப்பதே புத்திசாலித்தனம். வரைந்து கொடுப்பவரிடம் நாம்தான் சொல்ல வேண்டும், அவராகக் கேட்கமாட்டார்.

ஷெட்டின் உயரத்தை முடிவு செய்யுமுன் அண்ணாந்து பார்ப்பதும் அவசியம். சாதாரண வீட்டு மின்கம்பி மேலே போனால் கூரைக்கும் கம்பிக்கும் நடுவே 2.5 மீட்டர், 11 கிலோவோல்ட் கம்பியானால் 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். பக்கவாட்டில் இரண்டுக்கும் 1.2 மீட்டர். மேலே தகரம் என்பதால் இதில் விளையாட முடியாது.

ஷெட் புறம்போக்கில் ஒரு முழம் நீண்டாலும் விவகாரம் வருவாய்த்துறைக்குப் போய்விடும். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் ஊர் அடங்கிய குளத்தூர் தாலுகாவின் அலுவலகம் இருப்பதும் கீரனூரிலேயே. ஷெட்டின் பயன்பாடு மாறினாலும் கவனம் வேண்டும்: வைக்கோல் போட்ட ஷெட்டுக்கு நாளை ஷட்டர் மாட்டிக் கடை திறந்தால் அங்கே வீட்டு மின் இணைப்பு செல்லாது, வணிகக் கட்டணம்தான்.