கடலூருக்குச் சிதம்பரம் தூரமாக இருந்த காலம்

கடலூரில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சிதம்பரம் வந்துவிடும். ஆனால் கல்லூரிக் கால்பந்தில் இந்த இரண்டு ஊர்களும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே அணியில் சேர்ந்து ஆட வழியில்லாமல் இருந்தது.

1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். அன்று அதற்கு இணைப்புக் கல்லூரிகள் கிடையாது. பல்கலைக்கழக அணி என்றால் அண்ணாமலைநகர் வளாகத்துப் பிள்ளைகள்தான். கடலூர் தேவனாம்பட்டினத்துப் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் படித்தவனுக்கு 2002 வரை சென்னைப் பல்கலைக்கழகம், அதன் பிறகு வேலூரின் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். சென்னையில் லீக் ஆட்டங்களில் ஊறி வளர்ந்த பையன்களோடு போட்டி போட்டு, கடற்கரை மணலில் பந்து பழகியவன் பதினெட்டு பேரில் ஒருவனாக வருவது லேசான காரியமல்ல. திறமை இருந்தும் செலக்‌ஷனோடு நின்றுபோனவர்கள் இந்தப் பக்கம் ஏராளம் என்றே நினைக்கிறேன்.

செலக்‌ஷனில் அப்படி என்ன இருக்கிறது? இன்டர் யுனிவர்சிட்டி ஆடியவனுக்குத்தான் ‘படிவம் 3’ சான்றிதழ். அந்தப் போட்டிக்கான, சர் அசுதோஷ் முகர்ஜி பெயரிலான கோப்பையைத் தூக்காவிட்டாலும், தென்மண்டலத்தைத் தாண்டாவிட்டாலும், அந்தத் தாள் அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டில் பேசும். ஒரு மீனவர் வீட்டுக்கோ முந்திரிக்காட்டுக் கூலியின் வீட்டுக்கோ அது ஒரு தலைமுறைக்கான சோறு.

2021இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய ஒரு திருத்தம் இந்த நிலையை மாற்றியது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் அண்ணாமலையோடு இணைந்தன. இன்று வளாக விடுதிப் பையனும் தேவனாம்பட்டினத்துப் பையனும் ஒரே பனியனுக்காக ஓடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. அன்று இந்தக் கரையில் கால்பந்து என்றாலே ஆண்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகான ஆண்டுகளில், பெற்றோரை இழந்த சிறுமிகளையும் ஏழை வீட்டுப் பெண்களையும் திடலுக்கு அழைத்து வந்து ஆடக் கற்றுக்கொடுத்தார் பயிற்சியாளர் மாரியப்பன். அவரது இந்திரா காந்தி அகாடமி 2017–18 இந்தியப் பெண்கள் லீக்கில் நாட்டின் முன்னணி அணிகளுக்கு எதிரே நின்றது. அதே 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் இறுதியில், பெண்கள் கால்பந்தின் அரசியான மணிப்பூரை 2–1 என்று வென்று தமிழ்நாடு முதன்முதலாகக் கோப்பை எடுத்தது. நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் அவரும் இருந்தார், இதே மாவட்டத்துச் சந்தியா ரங்கநாதனும் இருந்தார்.

கல்லூரி ஏணியில் ஏறித்தான் இந்தியப் பனியனைத் தொடலாம் என்று அப்பாக்கள் தலைமுறை நம்பியது. இந்தப் பெண்கள் அகாடமித் திடலிலிருந்தே அதைத் தொட்டார்கள். பல்கலைக்கழகம்தான் இப்போது அவர்களுக்கு ஈடாக நடந்துகொள்ள வேண்டும். பெண்கள் அணிக்கான செலக்‌ஷனை ஓராண்டாவது கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் வைக்கட்டும். கள்ளக்குறிச்சியிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் வரும் பிள்ளைகள் இந்துமதியின் ஊரில் ஆடிக் காட்டி அணிக்குள் வரட்டும். போகவர பஸ் கட்டணமும், ஆட்டத்துக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) வருகைப் பதிவும் யாரிடமும் கெஞ்சாமல் அவர்களுக்குக் கிடைக்கட்டும்.