தெருவுக்கு அடியில் ஓடிய மின்சாரம்

தென்னூர் போன்ற ஊர்களில் டிராம் ஓடியதில்லை. ஏறிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் ரயில் பிடித்துச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே 7 அன்று அங்கே புறப்பட்டது.

அப்போது தலைக்கு மேல் கம்பி கிடையாது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சாலை நெடுகிலும் ஓர் இடுக்கு, அதன் அடியில் வாய்க்கால் போன்ற குழி, குழிக்குள் மின்கடத்தி. வண்டியின் வயிற்றிலிருந்து தொங்கிய தகடு, இடுக்கின் வழியே அதைத் தொட்டு மின்சாரம் எடுத்தது. தெரு பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஐப்பசி அடைமழையில் குழி நிரம்பினால்? விரைவிலேயே கம்பி மேலே ஏறிவிட்டது.

அக்கால டிராம்களில் அழகைத் தேடக் கூடாது. பல நாடுகளில் குதிரை டிராமின் பெட்டிக்கு அடியிலேயே மோட்டாரை மாட்டினார்கள். குதிரை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்ட வண்டி போல அது நின்றது. எல்லாவற்றையும் மிஞ்சியது இங்கிலாந்தின் பிரைட்டனில் மாக்னஸ் வோல்க் 1896இல் ஓட்டிய டிராம்: கடலுக்குள் தண்டவாளம், அதன் மேல் 23 அடி உயரக் கால்கள், மேல்தளத்தில் பயணிகள். கொக்கும் இல்லை, கப்பலும் இல்லை. ஆனாலும் விதிப்படி ஒரு கப்பல் தலைவர் கூடவே போக வேண்டியிருந்தது! தொடங்கிய ஒரே வாரத்தில் புயல் அதைக் கவிழ்த்தது. திருத்தி, 1901 வரை ஓட்டினார்கள்.

சென்னை டிராமோ 1953 ஏப்ரலில்தான் நின்றது.