முள் காட்டிய பொய்

நமது வியாபாரிகளில் பலர் கடைத் தராசைக் கவனமாகச் சரிபார்ப்பார்கள். ஆனால், டெலிவரி வாகனத்தின் எரிபொருள் முள்ளை அப்படியே நம்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு நல்ல சாரதியை என்னிடமிருந்து பிரிக்கப் பார்த்தது.

எனது டீசல் வேனின் தாங்கி துருப்பிடித்து ஒழுகியது. அதே அளவில் வேறு கிடைக்காததால், கராஜ் ஒன்றில் 60 லீற்றர் அலுமினியத் தாங்கியொன்றைச் செய்வித்தேன். வாகனத்தின் அடியில் இடம் போதாமையால் அதன் கீழ்ப்பாதியை ஒடுக்கமாகவும் மேற்பாதியை அகலமாகவும் அமைத்தார்கள். பஞ்சிகாவத்தையில் வாங்கிய சாதாரண டேங்க் யூனிட் ஒன்றைப் பொருத்தினோம்.

சில நாட்களின் பின், முள் பாதியில் நிற்க வேன் புத்தளத்துக்குப் புறப்பட்டது. பாதி என்றால் 30 லீற்றர். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் வீதம் போய்வரத் தாராளமாகப் போதும். ஆனால், திரும்பி வரும் வழியில் சிலாபத்தில் வேன் நின்றுவிட்டது. டீசல் குழாயில் காற்றும் பிடித்ததால் மெக்கானிக் ஒருவரையும் அழைக்க வேண்டியதாயிற்று. 10 லீற்றர் எங்கே போனது? நான் சாரதியைச் சந்தேகித்தேன். வாயாலும் சொல்லிவிட்டேன். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

வயரிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் தாங்கியை வெறுமையாக்கி, ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றிப் பார்த்தார். 20 லீற்றரிலேயே முள் பாதிக்கு வந்துவிட்டது. யூனிட்டில் பழுதில்லை. அது அளப்பது எண்ணெயின் உயரத்தை; லீற்றரை அல்ல. கீழ்ப்பாதியின் அகலம் மேற்பாதியின் அகலத்தில் பாதிதான் என்பதால், பாதி உயரத்தில் மூன்றிலொரு பங்கே இருந்தது. உருளைத் தாங்கியைக் கிடையாக வைத்தாலும் இதே கதைதான். கால் பங்கு உயரத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே இருக்கும்.

புதிதாகத் தாங்கி செய்விப்போர் கவனிக்க வேண்டியவை இவை:

1. யூனிட்டும் மீற்றரும் ஒரே ஓம்ஸ் அளவில் இருக்க வேண்டும். தனியாக விற்கும் மீற்றர்களில் வெறுமைக்கு 240, நிறைவுக்கு 33 என்பது பரவலான வகை. ஐரோப்பிய வகை பலவற்றில் 10 முதல் 180 வரை. பழைய ஜெனரல் மோட்டர்ஸ் வகையில் 0 முதல் 90 வரை. 240–33 மீற்றருக்கு 0–90 யூனிட்டைப் பூட்டினால், வெறுந்தாங்கியை நிறைந்ததாகக் காட்டும். வாங்குமுன் மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள்.

2. கைபோன்ற கம்பியில் மிதவை உள்ள வகை மலிவு. ஆழத்துக்கேற்பக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். மிதவை அடியிலும் தடுப்புத் தகடுகளிலும் முட்டக்கூடாது. ஒடுங்கிய தாங்கிக்கு, குழாயில் மிதவை ஏறியிறங்கும் வகை நல்லது. அதைத் தாங்கியின் ஆழத்தைவிடச் சற்றுக் குறைந்த நீளத்தில் எடுங்கள்.

3. அசையும் பாகமே இல்லாத கெபாசிற்றிவ் வகையும் உண்டு. அதற்குத் தனி மின்சாரமும் ஒத்துப்போகும் மீற்றரும் தேவை. அடியில் தண்ணீர் தேங்கினால் பிழையாகக் காட்டும்.

4. ரப்பர் வாஷரும் பெயின்றும் ‘எர்த்’தைத் தடுத்துவிடும். யூனிட்டிலிருந்து சேஸிக்குத் தனி எர்த் வயர் போடுங்கள்.

5. எந்த வகையானாலும், முதல் தடவை ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றி முள் நிற்கும் இடங்களை எழுதிவையுங்கள். தாங்கியின் வடிவத்தைப் பதிந்துகொள்ளும் மீற்றர்களும் உள்ளன. வசதியிருந்தால் அதையே எடுங்கள்.

நான் யூனிட்டை மாற்றவில்லை. "பாதி 20 லீற்றர், கால் 10 லீற்றர்" என்று எழுதி மீற்றருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பிறகு சாரதியின் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் தந்தார். உடனே பதில் சொல்லவில்லை. அல்ஹம்துலில்லாஹ், மூன்றாம் நாள் வேலைக்கு வந்தார்.

அளவை நிறுவையில் மோசடி செய்வோரை அல்குர்ஆன் கடுமையாக எச்சரிப்பதை நாம் அறிவோம். வாடிக்கையாளருக்குச் சரியாக அளந்து கொடுப்பதோடு நமது பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. நம்மிடம் வேலை செய்பவர் மீது குற்றம் சுமத்துமுன், நமது அளவுகோல் சரிதானா என்று பார்ப்பதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்ததே.