மஞ்சட்கருவின் நிறம் எதைக் காட்டுகிறது?

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் வங்கக் கடலும் மறு பக்கம் பக்கிங்காம் கால்வாயுமாக நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம் காட்டுப்பள்ளி. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று அங்கே ஒரு துறைமுகம் இருக்கிறது. 2010இல் தொடங்கப்பட்ட, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. அருகே அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் தெரிகின்றன. இத்தகைய ஊரில் ஒரு வீட்டுக் கொல்லையில் நாலைந்து நாட்டுக் கோழிகள் மேய்வதாக வைத்துக்கொள்வோம்.

அந்த வீட்டு அம்மாள் தம் கோழியிட்ட முட்டை ஒன்றையும் கடையில் வாங்கிய முட்டை ஒன்றையும் அடுத்தடுத்து உடைத்து ஊற்றுகிறார். கடை முட்டையின் கரு எலுமிச்சை மஞ்சள். வீட்டு முட்டையின் கரு ஏறத்தாழ ஆரஞ்சு. "பார்த்தியா, நம்ம கோழி முட்டையிலதான் சத்து" என்கிறார். "எல்லாம் சரிதான் அக்கா, ஆனா வாரத்துக்கு ரெண்டுதானே போடுது?" என்று கேட்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண்.

இருவர் சொன்னதையும் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். நிறத்துக்கும் எண்ணிக்கைக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது அவர்கள் நினைக்கும் தொடர்பன்று. மேலும், இந்த ஊர்க்காரர் கவலைப்பட வேண்டிய ஒன்றை அந்த நிறம் காட்டவே காட்டாது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

கோழியால் மஞ்சள் நிறப்பொருளைத் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது செடிகளின் வேலை. கீரை, புல், மஞ்சள் மக்காச்சோளம் ஆகியவற்றில் லூட்டின், சியாசாந்தின் என்னும் நிறப்பொருள்கள் உள்ளன. கீரையில் பச்சையம் மேலோங்கி நிற்பதால் இந்த மஞ்சள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோழி கீரையைக் கொத்தும்போது இவை கொழுப்போடு கலந்து இரத்தத்தில் சேருகின்றன. கருவுக்கு வேண்டிய கொழுப்பும் புரதமும் கல்லீரலில் தயாராகி இரத்தத்தின் வழியே சினைப்பைக்குச் செல்கின்றன அல்லவா? நிறப்பொருளும் அந்த வண்டியிலேயே ஏறிச் சென்றுவிடுகிறது.

ஒரு கரு முழு அளவுக்குப் பருக்கக் கடைசி ஏழு முதல் பதினொரு நாட்கள் ஆகும். ஆகவே இன்று நீங்கள் உடைக்கும் முட்டையின் நிறம், கோழி ஏறக்குறைய கடந்த பத்து நாட்களில் எதைத் தின்றது என்பதற்கான குறிப்பேடு. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கோழியைப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் அடைத்து வைத்துக் குருணையும் தவிடும் கருவாட்டுத் தூளும் மட்டும் கொடுங்கள். முட்டைகளின் மேல் பென்சிலால் தேதி எழுதி வையுங்கள். பிறகு அதே தீனியோடு நாள்தோறும் ஒரு பிடி முருங்கைக் கீரை சேருங்கள். அரிசியில் இந்த மஞ்சள் இல்லாததால் முதல் வரிசை முட்டைகள் வரவர வெளிறும். கீரை தொடங்கிய மூன்றாம் நான்காம் நாளிலிருந்து நிறம் ஏறத் தொடங்கிப் பத்து நாட்களில் நிலைபெறும்.

காட்டுப்பள்ளி, பழவேற்காடு போன்ற கரையோர ஊர்களில் இன்னொரு வழியும் உண்டு. இறால் ஆயும்போது எறியும் தலையையும் ஓட்டையும் கோழிகள் விடமாட்டா. இறாலை வேக வைத்தால் சிவக்கிறதே, அதற்குக் காரணமான அஸ்டாசாந்தின் என்னும் பொருளும் கருவில் போய்ச் சேரும். அத்தகைய முட்டையின் கரு மஞ்சளைத் தாண்டிச் செந்நிறம் காட்டும். கூடவே சிறிது மீன் வாடையும் வரலாம். அதை யாரும் சத்து என்று சொல்வதில்லை!

சரி, ஆழ்ந்த நிறம் என்றால் சத்து அதிகமா? 1919இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பாமர், கெம்ப்ஸ்டர் என்னும் இருவர் இதற்கு அழகான ஒரு சோதனை செய்தார்கள். குஞ்சுப் பருவம் முதல் கோழிகளுக்கு மஞ்சள் நிறப்பொருள் ஏறக்குறைய இல்லாத தீனியையே கொடுத்து வளர்த்தார்கள். வைட்டமின் ஏ குறையாதிருக்கச் சிறிது பன்றி ஈரல் சேர்த்தார்கள். கோழிகள் வளர்ந்தன, முட்டையிட்டன. கருவில் மஞ்சள் நிறமே இல்லை எனலாம். அந்த முட்டைகளை அடை வைத்தபோது குஞ்சுகளும் நலமாகப் பொரித்தன. ஒரு குஞ்சு உருவாகத் தேவையான அனைத்தும் நிறமற்ற கருவிலும் இருந்தன என்பது இதனால் விளங்குகிறது.

கருவுக்கு நிறம் தரும் லூட்டினும் சியாசாந்தினும் உடலில் வைட்டமின் ஏ-யாக மாறுவதில்லை. மாறக்கூடிய பீட்டா கரோட்டின் முட்டைக்குள் மிகச் சிறிதளவே செல்கிறது. லூட்டின் நம் விழித்திரைக்கு நல்லது என்பது உண்மை. அந்த அளவில் ஆரஞ்சுக் கருவுக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். புரதத்துக்கோ கொழுப்புக்கோ நிறத்தோடு சம்பந்தமில்லை. ஓட்டின் நிறமோ முற்றிலும் வேறு விஷயம். அது கோழியின் இனத்தைப் பொறுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும் பண்ணைகளும் நிறத்தை வேண்டிய அளவுக்கு வரவழைக்க முடியும். மக்காச்சோளத்தைக் கூட்டலாம், துலுக்கச் சாமந்திப் பூவிலிருந்து எடுத்த சாற்றைத் தீனியில் கலக்கலாம். இதற்காகவே தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் அந்தப் பூவை ஒப்பந்த முறையில் பயிரிடுகிறார்கள். கரு நிறத்தை அளக்க 1 முதல் 15 வரை எண்ணிட்ட வண்ண விசிறி ஒன்றும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்து வருகிறது. வாங்குபவர் கேட்கும் எண்ணுக்கு ஏற்பத் தீனி கலப்பதுதான் வழக்கம். எனவே ஆரஞ்சுக் கருவைக் கண்டவுடன் "இது நாட்டுக்கோழி முட்டைதான்" என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

வாரத்துக்கு இரண்டு ஏன்?

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். ஒரு முட்டை, கரு விடுபட்டதிலிருந்து வெளிவரச் சுமார் 24 முதல் 26 மணி நேரம் ஆகும். இதில் ஓடு படிவதற்கே இருபது மணி நேரம் போய்விடுகிறது. முட்டை வெளிவந்து அரை மணியளவில் அடுத்த கரு விடுபடும். ஆகையால் நாளுக்கு நாள் முட்டையிடும் நேரம் தள்ளிப்போய், மாலை நெருங்கியதும் ஒரு நாள் விடுப்பு விழுகிறது. பண்ணைக்கென்று பிறப்பித்த வெள்ளை லெகார்ன் இனங்கள் இந்த விடுப்பைக் குறைத்து ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகின்றன.

நாட்டுக் கோழிக்கு அடை உணர்ச்சி விட்டுப்போகவில்லை. பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அதன் பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது, சினைப்பை சுருங்கிவிடுகிறது, கோழி அடையில் உட்கார்ந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டையிட மூன்று வாரம், அடைகாக்க 21 நாள், குஞ்சுகளோடு திரிய இரண்டு மாதம். ஒரு சுற்றுக்கு நூறு நாட்கள். ஆண்டுக்கு மூன்றரைச் சுற்று. நாற்பத்தைந்து, ஐம்பது முட்டை. அந்த அம்மாளின் கோழி சோம்பேறி அன்று. ஆண்டில் பெரும்பகுதி தாயாக வேலை பார்க்கிறது. முட்டைகளை அவ்வப்போது எடுத்துவிட்டு, குஞ்சுகளைச் சற்று முன்னதாகப் பிரித்து வளர்த்தால் எண்ணிக்கை கூடும்.

ஆங்கில நூல்களில் முட்டை குறைவதற்கு முதற்காரணம் குளிர்காலத்தின் குறுகிய பகல் என்று படித்திருப்பீர்கள். பகல் வெளிச்சம் மூளையின் அடிப்பகுதியை எட்டித்தான் சினைப்பையை முடுக்குகிறது. அது கண் வழியாக மட்டும் செல்வதில்லை. மண்டையோட்டின் ஊடாகவும் செல்கிறது என்பதை 1930களில் பிரான்சில் பெனுவா என்பவர் வாத்துகளை வைத்துக் காட்டினார். ஆனால் இங்கிலாந்தில் குளிர்காலப் பகல் எட்டு மணிக்கும் குறைவு. கோடையிலோ பதினாறுக்கு மேல். நம் வட்டாரத்தில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே ஒன்றரை மணிதான் வேறுபாடு. ஆகவே நம் கொல்லையில் வெளிச்சத்தை விட வெயிலுக்கே அதிகம் அஞ்ச வேண்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் கோழி வாய் திறந்து இளைக்கிறது, தீனியைக் குறைக்கிறது, மூச்சோடு கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால் ஓடு கட்டப் பொருள் போதாமல் மெல்லிய ஓட்டு முட்டை இடுகிறது. நிழலும் குளிர்ந்த நீரும், கொத்துவதற்குக் கிளிஞ்சல் பொடியும் வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நல்ல வேளையாகக் கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. திடீரென்று எல்லாக் கோழிகளும் முட்டையை நிறுத்திச் சோர்ந்தால் வெள்ளைக்கழிச்சல் நோயோ என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

இப்போது நிறத்துக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு எளிதாக விளங்கும். ஒரே கொல்லையில் ஒரே அளவு கீரையைக் கொத்தும் இரண்டு கோழிகளில் ஒன்று வாரத்துக்கு ஆறு முட்டையும் மற்றொன்று இரண்டும் இடுகின்றன என்று கொள்வோம். முதலாவது அதே மஞ்சளை ஆறு கருக்களுக்குப் பங்கிட வேண்டும். குறைவாக இடும் கோழியின் கருவுக்குப் பங்கு கூடுதல். நாட்டு முட்டையின் ஆழ்ந்த நிறத்தில் ஒரு பகுதி கீரையின் கொடை. மறு பகுதி குறைவாக இடுவதன் விளைவு!

மஞ்சள் கால் உடைய கோழியில் இதைக் காலைப் பார்த்தே அறியலாம். தொடர்ந்து முட்டையிடும் கோழி உண்ணும் மஞ்சளெல்லாம் கருவுக்கே போவதால் முதலில் எச்சத்துவாரத்தின் ஓரம், பிறகு கண்ணோரம், அலகு, கடைசியாகக் கால் என்று வரிசையாக வெளிறும். ஓய்வெடுத்தால் மறுபடி நிறம் ஊறும். 1915இல் பிளேக்ஸ்லீ, வார்னர் என்போர் இதை அளந்து எழுதினார்கள். முட்டையிடாத கோழியைக் கழிக்கப் பண்ணைக்காரர்கள் இதைப் பயன்படுத்தினர். அந்த மஞ்சள் தோல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து என்று 2008இல் மரபணு ஆய்வு ஒன்று தெரிவித்தது. வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான். மஞ்சள் கால் மட்டும் தென்னாட்டுச் சீதனம்.

நிறம் காட்டாதது

கொல்லைக் கோழி தீனியை மட்டும் தின்பதில்லை; கிளறும் இடத்து மண்ணையும் விழுங்குகிறது. மண்ணில் உள்ளது முட்டையில் வருகிறது. 2022இல் வெளியான சிட்னி ஆய்வு ஒன்றில், கொல்லை முட்டைகளில் இருந்த காரீயம் கடை முட்டைகளில் இருந்ததைப்போல் சராசரியாக 40 மடங்கு! பழைய சுவர்ப் பூச்சும், ஒரு காலத்தில் பெட்ரோலில் கலந்த காரீயமும் மண்ணில் தங்கியதே காரணம்.

டயாக்சின் என்னும் நஞ்சு இன்னும் நுட்பமானது. குளோரின் கலந்த பிளாஸ்டிக் போன்றவை அரைகுறையாக எரியும்போது அது உண்டாகிறது. கொழுப்பில் கரைவதால் நேராக மஞ்சட்கருவில் போய்த் தங்குகிறது. 2005இல் பல நாடுகளின் மேய்ச்சல் கோழி முட்டைகளைச் சோதித்தபோது, நம் நாட்டில் கேரளத்தின் ஏலூர்த் தொழிற்பேட்டையிலும், லக்னோவில் மருத்துவமனைக் கழிவை எரித்த உலையின் அருகிலும் எடுத்த முட்டைகளில் டயாக்சின் ஐரோப்பிய வரம்பைத் தாண்டியிருந்தது. அந்தக் கருக்களைப் பார்த்து ஒருவரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. கீரை தின்றிருந்தால் அவையும் ஆரஞ்சாகவே இருந்திருக்கும்.

இதில் நிறத்தைவிட எண்ணிக்கையே சில சமயம் உண்மையைச் சொல்லும். 1999இல் பெல்ஜியத்தில் மின்மாற்றி எண்ணெய் கலந்த கொழுப்பு கோழித் தீனியில் சேர்ந்துவிட்டது. முதலில் கவனித்தவர்கள் பண்ணைக்காரர்கள்: முட்டை குறைந்தது, அடை வைத்த முட்டைகள் சரியாகப் பொரிக்கவில்லை. அதன் பிறகே ஆய்வுக்கூடம் காரணத்தைக் கண்டது.

எனவே காட்டுப்பள்ளி போன்ற தொழிற்பகுதியில் கோழி வளர்க்கும் நீங்கள் கருவின் நிறத்தோடு கோழி கிளறும் தரையையும் பாருங்கள். கொல்லையில் பிளாஸ்டிக் பையோ ஒயரோ எரிக்க வேண்டாம். நிலக்கரிச் சாம்பலில் காரீயமும் ஆர்சனிக்கும் சிறிதளவு உண்டு. பள்ளத்தை மேடாக்கச் சாம்பல் கொட்டிய இடத்தில் கோழியை விடாதீர்கள். பழைய பாட்டரி, பெயின்ட் டப்பாக்களை அப்புறப்படுத்துங்கள். தீனியைத் தரையில் இறைக்காமல் தட்டில் வையுங்கள். விழுங்கும் மண் குறையும். கோழிக்கு நாள்தோறும் தூசிக் குளியல் வேண்டும். கொட்டிக் கிடக்கும் சாம்பல் மேட்டை அது தானே தேடிப் போகும்முன், கொட்டகைக்கு அருகே நிழலில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, சுத்தமான மணலைக் கொண்டுவந்து நிரப்பிக் கொடுங்கள். மழையில் நனைந்தால் மாற்றிவிடுங்கள்.