உங்களுக்குத் தெரியுமா? பக்கத்துக் குளமும் தூரதேசம்தான்!

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரக் குளங்களில் வாழும் சாதாரணத் தவளைகளின் மரபணுக்களை ஹிட்சிங்ஸ், பீபீ என்ற இரு ஆய்வாளர்கள் கிராமப்புறத் தவளைகளோடு ஒப்பிட்டு, 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நகரக் குளங்களுக்கு இடையே சராசரியாக 2.3 கிலோமீட்டர்தான் தூரம். கிராமக் குளங்களுக்கு இடையிலோ 41 கிலோமீட்டர். ஆனாலும் குளத்துக்குக் குளம் மரபணுவில் அதிகம் வேறுபட்டு நின்றவை நகரத்துத் தவளைகளே!

காரணம், நடுவில் இருக்கும் சாலைகளும் வீடுகளும். முட்டையிடத் தண்ணீரைத் தேடும் இந்தத் தவளை, ஆண்டின் பெரும்பகுதியைத் தரையில்தான் கழிக்கிறது. ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி அடைபட்டால், சிறு கூட்டம் தனக்குள்ளேயே இணைசேர வேண்டியதுதான். தலைமுறைக்குத் தலைமுறை சில மரபணு வகைகள் வெறும் தற்செயலாகவே அற்றுப்போகின்றன. நெருங்கிய உறவுக்குள் பிறக்கும் குஞ்சுகளில் மறைந்திருந்த குறைகள் வெளிப்படுகின்றன. பிரைட்டனிலும் நகரத்துத் தலைப்பிரட்டைகளிடையே சாவும் வளர்ச்சிக் கோளாறும் கூடுதலாகவே இருந்தன. குளத்தில் தவளை கத்துகிறது என்பதாலேயே அந்தக் கூட்டம் நலமாக இருக்கிறது என்று நாம் நிம்மதி கொள்ள முடியாது.

வேதனையிலும் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. தலைமுறைக்கு ஓரிரு தவளைகள் வெளியிலிருந்து வந்து இனப்பெருக்கம் செய்தாலே இந்த இழப்பு பெருமளவு குறையும் என்கிறது மரபியல். சாலைக்கு அடியில் அமைக்கும் சிறு சுரங்கவழியும், வீடுகளுக்கு நடுவே விட்டுவைக்கும் ஈரமான புதர்க்காடும் அந்த ஓரிரு தவளைகளுக்கு வழிவிடக்கூடும்.